கொடைக்கானல் ஏரிக்கரையில் மூடுபனியைப் படம் எடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குளிர்காலத்தில் கேமராவும் கையுமாகக் கொடைக்கானல் ஏரியைச் சுற்றி வருவது எனக்குப் பல ஆண்டுப் பழக்கம். படங்களைப் பார்த்தவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், தொடக்கத்தில் நானே எனக்குள் கேட்டுக்கொண்டவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். ஏரிக்கரையில் நின்று கற்றவைதான் பெரும்பாலும். ஊட்டி, ஏற்காடு போன்ற மலை ஏரிகளுக்கும் இவற்றில் பல பொருந்தும்.

எந்த மாதம் போவது நல்லது?

தை மாதம் என்று ஒரே சொல்லில் சொல்லிவிடலாம். மார்கழிதான் பனிக்குப் பெயர் போனது. ஆனால் கொடைக்கானலில் டிசம்பர் கடைசி வரை வடகிழக்குப் பருவமழையின் மேகம் முற்றிலும் விலகியிருக்காது. இரவில் வானம் மூடியிருந்தால் தரையின் சூடு மேலே போகாமல் தங்கிவிடும். காலையில் ஏரியிலிருந்து எதுவும் எழாது. ஜனவரியிலிருந்து பிப்ரவரித் தொடக்கம் வரை வானம் தெளிந்து, காற்று அடங்கி, நட்சத்திரங்கள் பளிச்சென்று தெரியும் இரவுகள் வரும். அப்படிப்பட்ட இரவுக்கு மறுநாள் விடியலில் ஏரிக்கரையில் இருங்கள். "தைப் பனி தரையைத் துளைக்கும், மாசிப் பனி மச்சைத் துளைக்கும்" என்ற பழமொழி சமவெளியில் மிகையாகத் தோன்றலாம். கொடைக்கானலின் கீழ்பூமி பகுதிப் புல்வெளியில் உறைபனி படிந்த காலையில் வெறும் செருப்போடு நின்று பார்த்தால் அப்படித் தோன்றாது.

பனி எல்லாம் பனிதானே? இரண்டு வகை என்கிறீர்களே?

தமிழில் 'பனி' என்ற ஒரு சொல் நிறையச் சுமக்கிறது. புல் நுனித் துளியும் பனி, இமயத்தில் கொட்டுவதும் பனி, எதிரில் வரும் பஸ்ஸை மறைப்பதும் பனி. பேச்சில் இது இடைஞ்சல் தருவதில்லை. கேமராவோடு போகிறவர் மட்டும் பிரித்துப் பார்க்கத்தான் வேண்டும். ஏரிக்கரையில் கிடைக்கும் பனிமூட்டம் இரண்டு. இரண்டும் வெவ்வேறு படங்கள்.

முதலாவது, ஏரியே விடும் ஆவி. பகல் முழுதும் வெயில் வாங்கிய நீர் இரவில் மெதுவாகத்தான் குளிரும். மேலே உள்ள காற்று விரைவில் குளிர்ந்துவிடும். நீரிலிருந்து கிளம்பும் ஈரம் அந்தக் குளிர்ந்த காற்றில் பட்டதும் நுண்துளிகளாகிறது. சுடுசோற்றுப் பானையைத் திறந்ததும் எழுவது போல நூல் நூலாக, சுருள் சுருளாக நீர்மட்டத்திலிருந்து மேலே வரும். இடுப்பளவு உயரம், மிஞ்சினால் ஆள் உயரம். அதற்கு மேலே வானம் தெளிவாக இருக்கும். வெயில் நீரைத் தொட்ட பிறகு அரை மணி நேரம் நின்றாலே அதிகம்.

இரண்டாவது, பள்ளத்தாக்கிலிருந்து ஏறி வரும் மேகம். சமவெளியின் ஈரக்காற்று மலைச்சரிவில் ஏறும்போது குளிர்ந்து மேகமாகிறது. கீழே வத்தலக்குண்டில் நிற்பவருக்கு அது மலையுச்சியில் தங்கிய மேகம். மேலே நிற்கும் நமக்கு மூடுபனி. இது பெரும்பாலும் நண்பகலுக்குப் பிறகு வரும். ஐந்து நிமிடத்தில் அக்கரை மறைந்துவிடும், பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடும். இதற்கு உயரக் கணக்கு கிடையாது. எல்லாவற்றையும் ஒரே வெள்ளையில் முக்கியெடுக்கும்.

முதலாவதில் பனியையே படமாக எடுக்கலாம். இரண்டாவதில் பனி ஒரு திரை. அதற்கு முன்னால் நிற்கும் பொருளைத்தான் எடுக்க வேண்டும். கீழே வரும் பதில்கள் பலவும் இதிலிருந்து கிளைப்பவை. மேகம் வந்த மாலையில் ஆவிக்குரிய முறையில் எடுத்துவிட்டு "ஒன்றும் தேறவில்லை" என்று வருந்துகிறவர்கள் நிறைய. நானும் இரண்டு குளிர்காலங்களை அப்படி வீணாக்கியவன்தான்.

காலையில் எத்தனை மணிக்குப் போக வேண்டும், எங்கே நிற்க வேண்டும்?

ஜனவரியில் சூரியன் ஆறரை மணியை ஒட்டி உதிக்கும். ஏரி குன்றுகளுக்கு நடுவே ஒரு கிண்ணம் போலக் கிடப்பதால் வெயில் நீருக்கு வர இன்னும் நேரமாகும். ஐந்தேமுக்காலுக்கு அங்கே இருந்தால் நீலமும் சாம்பலும் கலந்த முதல் ஒளி கிடைக்கும். அதன் பிறகு பொன்னிற ஒளி. அதோடு ஆவி கலைந்துவிடும்.

ஏரிச் சாலை ஏறக்குறைய 5 கிலோமீட்டர். மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்சு 1863-ல் ஓடைகளுக்குக் கரை கட்டி உருவாக்கிய செயற்கை ஏரி இது. நட்சத்திரம் போன்ற வடிவம் என்பார்கள். படம் எடுப்பவருக்கு அந்த வடிவமே வரம். கைகள் நீண்டு ஒடுங்கும் மூலைகளில் காற்று புகாது. ஆவி அங்கேதான் அதிக நேரம் தங்கும். அக்கரையும் பக்கத்திலேயே இருக்கும். நடு ஏரி அகலமாகத் தெரியும் இடத்தில் எல்லோரும் கூடுவார்கள். நான் அங்கே நிற்பதில்லை.

சுற்றிச் சுற்றி ஓடாதீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். முந்தைய மாலையே ஒரு சுற்று நடந்து, சாய்ந்த மரம் ஒன்று, படகுத்துறை ஒன்று என இரண்டு இடங்களை மனத்தில் குறித்துவிடுங்கள். காலையில் அந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். 5 கிலோமீட்டரையும் நடந்து முடித்தவருக்கு உடற்பயிற்சி மிஞ்சும். படம் கிடைப்பது சந்தேகம்.

கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிந்த பனி படத்தில் அழுக்குச் சாம்பலாக வருகிறதே?

கேமராவின் தவறு அல்ல, அதன் இயல்பு. கேமராவின் ஒளிமானி எதைக் கண்டாலும் அதை நடுச்சாம்பல் என்றே எண்ணிக் கணக்குப் போடும். கறுப்புக் குடையால் சட்டகத்தை நிரப்பினாலும் சாம்பல்தான், வெள்ளை வேட்டியால் நிரப்பினாலும் சாம்பல்தான். முக்கால் சட்டகம் பனியாக இருக்கும்போது "வெளிச்சம் மிகுதி" என்று நினைத்து ஒளியைக் குறைத்துவிடும்.

எக்ஸ்போஷர் திருத்தத்தில் (படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +2/3-லிருந்து +1 வரை கூட்டுங்கள். அடர்ந்த மேகத்தில் +1 1/3 வரை போகலாம். கூட்டிய பின் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள். இடப்பக்கம் கருமை, வலப்பக்கம் வெண்மை என்று படத்தின் ஒளியளவைக் காட்டும் வரைபடம் அது. பனி நாளின் வரைபடம் நடுவில் ஒரே மேடாகக் குவிந்திருக்கும், அது பிழையில்லை. அந்த மேடு வலப்பக்கம் சாய்ந்து, ஓரச் சுவரில் முட்டாமல் நின்றால் போதும். முட்டிவிட்டால் பனியின் சுருள்கள் காணாமல் போய் வெறும் வெள்ளைத்தாள்தான் மிஞ்சும்.

கேமராவில் வசதியிருந்தால் ரா கோப்பாக, அதாவது கேமரா பதப்படுத்தாத மூலக் கோப்பாக எடுங்கள். பனிப்படத்தில் ஒரு சாம்பலுக்கும் அடுத்த சாம்பலுக்கும் இடையே நூலளவு வேறுபாடுதான் இருக்கும். வழக்கமான ஜேபெக் கோப்பு ஒவ்வொரு நிறத்துக்கும் 256 படிகள் மட்டுமே தரும். பின்னால் இழுத்துத் திருத்தும்போது வானத்தில் படிக்கட்டு போலக் கோடுகள் விழும். 14 பிட் ரா கோப்பில் 16,384 படிகள் உண்டு.

விடியற்காலை நீலம் படத்தில் வருவதில்லை, ஏன்?

வெள்ளைச் சமநிலையை, அதாவது ஒளியின் நிறச்சாயலைத் திருத்தும் அமைப்பைத் தானியங்கியில் விட்டிருப்பீர்கள். நீலத்தை ஒரு நோயாகக் கருதி அது குணப்படுத்திவிடும். 'பகல் ஒளி' என்ற நிலைக்கு மாற்றிவிட்டு மறந்துவிடுங்கள்.

ஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கிறது. என்ன செய்வது?

ஆட்டோஃபோகஸுக்கு ஒரு விளிம்பு வேண்டும். கறுப்பும் வெளுப்பும் சந்திக்கும் கோடு. பனியின் நடுவில் அது கிடைக்காது. ஏறக்குறைய அதே தொலைவில் உள்ள மரத்தண்டு, படகின் ஓரம், வேலிக்கம்பி எதையாவது பிடித்து ஃபோகஸ் செய்து, அதைப் பூட்டிவிட்டுச் சட்டகத்தை நகர்த்துங்கள். அதுவும் இல்லாவிட்டால் கைமுறைக்கு மாற்றி, திரையில் பெரிதாக்கிப் பார்த்து வையுங்கள்.

எந்த லென்ஸ் எடுத்துப் போகலாம்?

ஒன்றுதான் என்றால் 70–200 மில்லிமீட்டர் போன்ற ஒரு ஜூம். காலை ஆவியில் அக்கரை மரங்களை வரிசை வரிசையாக, ஒன்றன்பின் ஒன்று வெளிறுவதாகக் காட்ட அதுதான் உதவும். ஆனால் லென்ஸை விடத் தொலைவுதான் முக்கியம். ஒரு கணக்கைப் பாருங்கள்.

பனியில் ஒரு கரிய மரத்துக்கும் அதன் பின்னால் உள்ள வெள்ளைக்கும் இடையிலான வேறுபாடு, தொலைவு கூடக் கூடச் சீராகக் குறைவதில்லை, சரிந்து விழுகிறது. பார்வை எட்டும் தொலைவு 200 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 50 மீட்டரில் உள்ள மரத்தின் கருமையில் 38 விழுக்காடு அளவு உங்களை வந்தடையும். 100 மீட்டரில் 14 விழுக்காடு. 200 மீட்டரில் வெறும் 2. அதுதான் கண்ணால் பிரித்தறியக்கூடிய எல்லை என்று வைத்துத்தான் பார்வைத் தொலைவையே வரையறுக்கிறார்கள்.

ஆகவே மேகம் இறங்கிய மாலையில் 300 மில்லிமீட்டர் லென்ஸால் அக்கரைக் கட்டடத்தை இழுக்க முயல்வது வீண் வேலை. லென்ஸ் பனியை விலக்காது. பனியையும் சேர்த்தே பெரிதாக்கும். பத்து அடி முன்னே நடங்கள். சாலையோர யூகலிப்டஸ் ஒன்றை 10 மீட்டரில், இன்னொன்றை 50 மீட்டரில், மூன்றாவதை 100 மீட்டரில் ஒரே சட்டகத்துக்குள் கொண்டுவந்தால் மேலே சொன்ன கணக்கு அப்படியே படமாக விழும். முதல் மரம் கறுப்பு, இரண்டாவது சாம்பல், மூன்றாவது இருக்கிறதா இல்லையா என்ற ஐயம்.

கைப்பேசி போதுமா?

போதும். ஆனால் அதன் அதிபுத்திசாலித்தனத்தை அடக்கி வைக்க வேண்டும். பல கைப்பேசிகள் பனிமூட்டத்தைக் கண்டால் "மங்கலாக இருக்கிறது, சரிசெய்கிறேன்" என்று தானாகவே அழுத்தம் கூட்டிவிடும். எச்டிஆர், காட்சி மேம்பாடு போன்றவற்றை அணைத்துவிடுங்கள். திரையில் மரத்தைத் தொட்டு, விரலை மேலே நகர்த்தி வெளிச்சத்தைக் கூட்டுங்கள். விரலால் விரித்துப் பெரிதாக்குவதைவிட நடந்து நெருங்குவது மேல். முக்கியமாக, சட்டைப்பையிலிருந்து எடுத்ததும் கேமராக் கண்ணைத் துடையுங்கள். நான் பார்த்த "பனிப் படங்களில்" சில விரல் எண்ணெய்ப் படங்கள்.

ஃபிளாஷ்?

வேண்டாம். கண்ணுக்கு முன்னால் மிதக்கும் துளிகள் எல்லாம் வெள்ளை உருண்டைகளாக விழும். பின்னால் இருப்பது எதுவும் தெரியாது.

முக்காலியில் வைத்து 30 நொடி எக்ஸ்போஷர் எடுத்தால் நீர் பட்டுப் போல வருமே?

வரும். ஆவி காணாமலும் போகும். ஆவியின் அழகு அதன் சுருளில். 30 நொடியில் அவ்வளவும் சேர்ந்து ஒரே பூச்சாகிவிடும். சுருள் தெரிய 1/125 நொடியை ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். மேகம் மூடிய நாளில் நீண்ட எக்ஸ்போஷர் பொருந்தலாம். படகுகள் மட்டும் ஆடி மங்கும். என் கண்ணுக்கு அந்தப் பட்டு நீர் சலித்துப் போய்விட்டது, அது என் குறையாகவும் இருக்கலாம்.

சூரியனைப் பார்த்து எடுப்பதா, முதுகு காட்டி எடுப்பதா?

பார்த்துத்தான். பனித்துளி தன் மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியை முன்னோக்கியே சிதறடிக்கும். எனவே சூரியனுக்கு எதிரே நிற்பவருக்குத்தான் பனி ஒளிரும். யூகலிப்டஸ் கிளைகளுக்கு இடையே சாய்ந்து இறங்கும் ஒளிக்கீற்றுகளும் அந்தத் திசையில்தான் தெரியும். சூரியனையே சட்டகத்தில் வைக்காமல் ஒரு தண்டின் பின்னால் ஒளித்துவிடுங்கள்.

முதுகு காட்டி நிற்க வேண்டிய சமயம் ஒன்று உண்டு, ஆனால் ஏரியில் இல்லை. அங்கிருந்து நடந்து போகும் தொலைவில் கோக்கர்ஸ் வாக் இருக்கிறது. லெப்டினன்ட் கோக்கர் 1872-ல் பள்ளத்தாக்கின் விளிம்பை ஒட்டி அமைத்த நடைபாதை. கீழே மேகம் நிரம்பியிருந்து, முதுகுக்குப் பின்னால் தாழ்ந்த வெயில் அடித்தால், உங்கள் நிழல் பேருருவாக மேகத்தின் மேல் விழும். தலையைச் சுற்றி வண்ண வளையம். பிராக்கன் நிழல் என்பார்கள். பக்கத்தில் நிற்பவருக்கும் வளையம் உண்டு, ஆனால் ஒவ்வொருவருக்கும் தம் தலையைச் சுற்றித்தான் அது தெரியும். திருமணமான தம்பதியர் அங்கே "உனக்கு எங்கே இருக்கிறது? எனக்குத்தான் இருக்கிறது" என்று வாதாடியதைக் கேட்டிருக்கிறேன். இருவர் சொன்னதும் உண்மை.

லென்ஸில் நீர் கோத்துக்கொள்கிறது. எப்படித் தடுப்பது?

வெளியே போகும்போது கோக்காது, உள்ளே வரும்போதுதான் கோக்கும். பலர் தலைகீழாக நினைத்திருக்கிறார்கள். குளிர்ந்த பாத்திரத்தின் மேல்தான் நீர் வியர்க்கும், கேமராவும் அப்படித்தான். இரண்டு மணி நேரம் குளிரில் ஊறிய கேமராவை ஆட்கள் மூச்சுவிட்டுத் தூங்கிய வெதுவெதுப்பான அறைக்குள் கொண்டுவந்தால் நொடியில் வியர்த்துவிடும்.

ஒரு தைக் காலையில் நல்ல படங்கள் கிடைத்த மகிழ்ச்சியில் விடுதி அறைக்கு வந்தேன். தேநீருக்கு நீர் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த மேசையிலேயே கேமராவை வைத்து லென்ஸைக் கழற்றினேன். உள்ளே சென்சாரின் மேல் மெல்லிய வெண்படலம் படர்வதைக் கண்ணால் பார்த்தேன். துடைக்கவும் முடியாது, மூடவும் மனம் வரவில்லை. காய்ந்த பிறகு நீலவானம் உள்ள படம் ஒவ்வொன்றிலும் ஐந்து புள்ளிகள். சுத்தம் செய்யும் வரை அந்த ஐந்தும் எங்கள் குடும்ப உறுப்பினர்கள்.

வெளியிலேயே கேமராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை மூடிவிடுங்கள். மெமரி கார்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அறைக்குள் வந்த பின் ஒன்றரை மணி நேரம் பையைத் திறக்கக் கூடாது. மலையிறங்கும்போதும் இதே விதி. சமவெளிக் காற்று இன்னும் ஈரமானது. ஊருக்குத் திரும்பியதும் லென்ஸைச் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பது வழக்கமான கதை. மலைப்பனியில் நனைந்த லென்ஸ் அதற்கு விருந்து.

பேட்டரி விரைவில் தீர்ந்துவிடுகிறதே?

குளிரில் லித்தியம் பேட்டரி சோர்ந்துவிடும். செத்துவிடாது. கூடுதல் பேட்டரியை உள்சட்டைப் பையில் உடல்சூட்டில் வையுங்கள். தீர்ந்ததாகக் காட்டுவதையும் சூடேற்றிப் போட்டால் இன்னும் இருபது படம் எடுக்கலாம்.

அங்குள்ள மனிதர்களைப் படம் எடுக்கலாமா?

கேட்டுவிட்டு. விடியற்காலையில் படகுகளில் தேங்கிய நீரை இறைத்து ஊற்றுகிறவர்கள், குதிரைகளுக்குச் சேணம் பூட்டுகிறவர்கள், மிதிவண்டிகளை வரிசைப்படுத்துகிறவர்கள் எல்லோரும் வேலையில் இருக்கிறார்கள். நம் படத்துக்காக வந்தவர்கள் இல்லை. "அண்ணா, வேலை செய்யும்போது ஒரு படம் எடுத்துக்கொள்ளட்டுமா?" என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். கேட்டதும் விறைப்பாக நின்று கேமராவைப் பார்ப்பார்கள், அதற்கும் ஒன்று எடுத்துக் காட்டிவிடுங்கள். பிறகு அவர்கள் வேலைக்குத் திரும்பிவிடுவார்கள். நீங்கள் விரும்பிய படம் அப்போது கிடைக்கும்.

தனியாகப் போவது ஆபத்தா?

மனிதர்களால் இல்லை, காட்டுமாடுகளால். கொடைக்கானல் நகருக்குள்ளேயே அவை சர்வசாதாரணமாக உலவும். ஒரு டன்னை நெருங்கும் எடை. பனியில் முப்பது அடி தொலைவில் பாறை என்று நினைத்த உருவம் தலையை நிமிர்த்திய அனுபவம் எனக்கு உண்டு. அசையாமல் நின்றால் அதற்கும் உங்களுக்கும் நல்லது. பிறகு வந்த வழியே மெதுவாகப் பின்வாங்குங்கள். படம் எடுக்க நெருங்காதீர்கள். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடக்காதீர்கள். பனியில் கண் செய்ய வேண்டிய வேலையைக் காதுதான் செய்யும். சாலையில் வண்டிகளும் வரும். கறுப்பு ஸ்வெட்டரைவிட வெளிர்நிறம் நல்லது, கையில் சிறு டார்ச்சும் இருக்கட்டும்.

முன்னேற்பாடு ஏதேனும்?

உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கொண்டுவந்தார்கள். புறப்படும் முன் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை உண்டு. பிளாஸ்க் கொண்டுபோனால் விடியலில் சூடாகக் குடிக்கவும் ஆகும்.

கணினியில் எப்படித் திருத்துவது?

மிகக் குறைவாக. பனி நீக்கும் பொத்தான் ஒன்று பல மென்பொருள்களில் இருக்கிறது. காலை ஐந்து மணிக்கு எழுந்து போய்ப் பிடித்து வந்ததை அதுவே அழித்துவிடும். கரிய மரம் ஒன்று படத்தில் இருந்தால் அதை மட்டும் சற்று ஆழமாக்குங்கள். பனி தானாக வெளுத்துத் தோன்றும். மற்றபடி கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள்.

போன நாளில் பனியே வரவில்லை என்றால்?

தெளிந்த காலைகளுக்காகத்தான் 1899-ல் இங்கே சூரிய ஆய்வகத்தையே நிறுவினார்கள். ஊரைக் குறை சொல்ல முடியாது. ஏரிக்கரை வேலிக்கம்பிகளைக் குனிந்து பாருங்கள். கம்பிக்கும் கம்பிக்கும் நடுவே சிலந்திகள் இரவெல்லாம் கட்டிய வலைகள் இருக்கும். மூடுபனி இல்லாத காலையிலும் அவற்றில் பனித்துளி கோத்திருக்கும். வலையின் நடுவில் துளிகள் கடுகு போல, ஓரத்துக்கு வர வர இன்னும் சிறிதாக. லென்ஸை ஒரு சாண் தொலைவுக்குக் கொண்டுபோய் ஒரு துளியை மட்டும் பிடித்துப் பெரிதாக்கினால் அதற்குள் ஏரி தலைகீழாக நிற்கும், அக்கரை மரம், படகுத்துறை எல்லாவற்றோடும். மூச்சை அடக்கிக்கொண்டு எடுங்கள். மூச்சுக்காற்றுப் பட்டாலே வலை ஆடி, பாதித் துளிகள் உதிர்ந்துவிடும். எட்டரை மணிக்கு மேல் போனால் வலை மட்டும் இருக்கும்.